மயிலாப்பூரில் வாடகைக்கு ஒரு புது ஃபிளாட்: தெருவைப் பார்ப்பதிலிருந்து பால் காய்ச்சுவது வரை

வண்டியே எடுக்காமல் ஒரு நாளின் முக்கால்வாசி வேலையை முடித்துவிடக்கூடிய பேட்டைகள் சென்னையில் சிலதான் மிச்சம் இருக்கின்றன. அதில் மயிலாப்பூருக்குத்தான் முதலிடம் என்பது என் கட்சி. திருவல்லிக்கேணிக்காரர்களும் தி.நகர்க்காரர்களும் சண்டைக்கு வரலாம், வரட்டும். தெற்கு மாட வீதியில் காய்கறி, கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையில் நாட்டு மருந்து, நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை, லஸ்ஸில் பேங்க், திருமயிலையில் பறக்கும் ரயில் என்று எல்லாமே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினால் போய்விடுகிற தூரம்.

இந்தப் பேட்டையில் இப்போது பழைய தனி வீடுகளும் முப்பது நாற்பது வருஷத்து அபார்ட்மெண்டுகளும் இடிபட்டு, ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) ரெண்டு கிரவுண்டு மனையில் கீழே தூண்களுக்கு நடுவில் ஸ்டில்ட் பார்க்கிங், மேலே நாலைந்து மாடி, ஒரு லிஃப்ட், மொத்தமே ஆறு அல்லது எட்டு வீடு என்று சின்னச் சின்னப் புதுக் கட்டடங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பில்டர்கள் பூட்டிக் அபார்ட்மெண்ட் என்று போர்டு வைக்கிறார்கள். நீச்சல் குளம், கிளப் ஹவுஸ் எதுவும் இருக்காது. இப்படி ஒரு கட்டடத்தில் வாடகைக்குப் போக நினைப்பவர்களுக்குத்தான் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நீங்கள் கூடுதலாகக் கொடுக்கிற காசு டைல்ஸுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் இல்லை, தெருவுக்கு. இதே வீடு மேடவாக்கத்திலோ போரூர் தாண்டியோ இன்னும் பெரிதாக, இன்னும் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும். அதனால் தேடுகிற வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் தெரு, அப்புறம் கட்டடம், கடைசியில்தான் வீடு.

முதல் படி: தெருவில் நடந்து பாருங்கள்

மயிலாப்பூர் என்றால் ஒரே மாதிரி இடம் இல்லை. கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள நாலு மாட வீதிகளும் அதை ஒட்டிய சந்துகளும் ஒரு உலகம். எல்லாம் கைக்கெட்டும் தூரம்தான், ஆனால் சத்தம், கூட்டம், பார்க்கிங் மூன்றும் கஷ்டம். அதிலிருந்து கொஞ்சம் வெளியே மந்தைவெளி, அபிராமபுரம், லஸ் சர்ச் ரோடு பக்கம் வந்தால் மரம், நிழல், அமைதி எல்லாம் கிடைக்கும், வாடகையும் அதற்கேற்ப ஏறும். ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ளே தள்ளிப் போய்விட்டால் தெரு அழகாக இருக்கும், ஆனால் ஒரு கொத்தமல்லிக்கட்டு வாங்கவே ஆப் திறக்க வேண்டிவரும், அப்புறம் இந்தப் பேட்டைக்கு வந்ததற்கு என்ன அர்த்தம்.

உங்களுக்கு வாரத்தில் நாலைந்து நாள் தேவைப்படுகிற இடங்களை ஒரு காகிதத்தில் எழுதுங்கள். பால், காய்கறி, மருந்துக்கடை, பிள்ளைகள் பள்ளி, ஸ்டேஷன் அல்லது பஸ் ஸ்டாப், அப்பா அம்மா கூட இருந்தால் டாக்டர், கோயில். பார்க்கப்போகும் தெருவிலிருந்து ஒவ்வொன்றுக்கும் நிஜமாகவே நடந்து போய்ப் பாருங்கள். வரைபடம் 600 மீட்டர் என்று காட்டும். நடைபாதை நடுவில் ஒரு டிரான்ஸ்பார்மர் நிற்பதையோ, வரிசையாக பைக் நிறுத்தியிருப்பதையோ, ராமகிருஷ்ண மடம் சாலையைக் குறுக்கே கடக்க எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதையோ அது காட்டாது. நடக்கிறவர்களுக்கு முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-லேயே ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது, பாண்டி பஜாரில் 2019-ல் அகல நடைபாதையும் வந்தது. ஆனால் மயிலாப்பூரின் உள்தெருக்களுக்கு அந்தக் காற்று முழுசாக இன்னும் வீசவில்லை. வயசானவர்கள் கூட இருந்தால் அவர்களை அழைத்துப்போய் நடக்கவிட்டுப் பார்ப்பது நல்லது, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள் என்று பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

நேரம் மாற்றியும் போங்கள். காலை ஏழு மணிக்கு எந்தத் தெருவும் அழகுதான். வெயில் காலத்தில் மதியம் இரண்டு மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, மாலை ஆறரைக்குப் பள்ளி வேனும் ஆட்டோவும் சேர்ந்து தெருவை எப்படி அடைக்கின்றன, இரவு பத்து மணிக்குத் தெருவிளக்கு எரிகிறதா, இதெல்லாம் தெரிந்தால்தான் அங்கே குடியிருக்க முடியுமா என்று சொல்லலாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஒன்று மெட்ரோ. இரண்டாம் கட்டத்தில் மூன்றாவது வழித்தடமும் நான்காவது வழித்தடமும் திருமயிலையில்தான் சந்திக்கின்றன. முடிந்தால் பெரிய வரம், ஆனால் வேலை முடியும்வரை எந்தத் தெரு ஒருவழி, எந்தத் தெருவுக்குள் பஸ் திருப்பிவிடப்படுகிறது என்பது மாறிக்கொண்டே இருக்கும். போர்டில் அமைதியான தெரு என்று போட்டிருக்கும், ஜன்னலுக்குக் கீழே மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். இரண்டாவது பங்குனிப் பெருவிழா. தேரும் அறுபத்துமூவரும் வரும் நாட்களில் மாட வீதிக்குள் இருக்கும் கார் வெளியே வராது, வெளியே போன கார் உள்ளே வராது. அதைத் தொல்லை என்று நினைப்பவராக இருந்தால் தாராளமாக அபிராமபுரம் பக்கம் பாருங்கள், தப்பே இல்லை. மாடியில் நின்று சாமி பார்க்கலாமே என்று தோன்றுகிறவர்களுக்கு மட்டும்தான் மாட வீதி.

வேலை டைடல் பார்க் பக்கம் என்றால் இந்தப் பேட்டை உங்களுக்கு அடித்த லாட்டரி. திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், அடுத்தது திருவான்மியூர், இறங்கினால் டைடல் பக்கத்திலேயே. ஆனால் ஸ்டேஷன் உயரத்தில் இருக்கிறது, லிஃப்டையோ நகரும் படியையோ நம்பித் திட்டம் போடாதீர்கள்.

இரண்டாம் படி: கையில் எவ்வளவு வேண்டும்

வாடகையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுகிறவர்கள்தான் அதிகம். ஒரு கணக்குக்காக வாடகை 42,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாத அட்வான்ஸ் 1,26,000. புரோக்கர் வழியாக வந்தால் பெரும்பாலும் ஒரு மாத வாடகை கமிஷன், அது 42,000. முதல் மாத வாடகை இன்னொரு 42,000, மெயின்டனன்ஸ் 4,500. ஆக, முதல் மாதம் சாமான் ஏற்றுகிற செலவுக்கு முன்பே 2,14,500 கையை விட்டுப் போய்விடும். பத்து மாத அட்வான்ஸ் கேட்கிற பழைய சென்னை வழக்கத்தை விடாத ஓனர்கள் இன்னும் இருக்கிறார்கள், அங்கே கணக்கு எங்கேயோ போய்விடும்.

எட்டு வீட்டுக் கட்டடத்தில் மெயின்டனன்ஸ் ஏன் அதிகம் என்று கேட்காதீர்கள். வாட்ச்மேன் சம்பளம், லிஃப்ட் ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல், பொது மின் கட்டணம் எல்லாவற்றையும் எட்டே வீடுதான் பிரித்துக்கொள்ள வேண்டும். நூறு வீடு இருக்கிற இடத்தில் அது தெரியவே தெரியாது.

வருமான வரியில் கவனிக்க வேண்டியது ஒன்று. மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால் நீங்கள் 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது ஓனருக்குக் கொடுக்கும் வாடகையிலேயே வரியைப் பிடித்து, அரசுக்குக் கட்ட வேண்டும், 2024 அக்டோபருக்கு முன்பு இது 5 சதவீதமாக இருந்தது. ஓனர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் கதையே வேறு. வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் பிடிக்க வேண்டிய பொறுப்பு குடியிருப்பவர் தலையில் விழுகிறது. மயிலாப்பூரில் மகன் அமெரிக்காவில், வீடு இங்கே என்பது சர்வ சாதாரணம். அதனால் பேச்சின் ஆரம்பத்திலேயே, பத்திரம் யார் பேரில், வாடகை யார் அக்கவுண்டுக்கு, அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள். பழைய வரி முறையில் ஹெச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) விலக்கு கேட்கப்போகிறீர்கள் என்றால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது ஓனரின் பான் எண்ணும் வேண்டும். தரமாட்டேன் என்று சொல்கிற ஓனர் இருக்கிறார், அவருக்கும் வணக்கம் போட்டுவிட்டு அடுத்த வீட்டைப் பாருங்கள்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

இணையதளங்களில் தேடலாம், தேடத்தான் வேண்டும், ஆனால் இந்த மாதிரி சின்னக் கட்டடங்களில் நல்ல வீடு காலியானால் அது பல சமயம் இணையத்துக்கு வருவதற்குள்ளேயே போய்விடும். மேல் வீட்டு மாமி தன் அக்கா மகனுக்குச் சொல்லியிருப்பார். அதனால் தெருவைத் தேர்ந்தெடுத்த பிறகு அந்தத் தெருவிலேயே கேளுங்கள். டூ-லெட் போர்டு, வாட்ச்மேன், மளிகைக்கடைக்காரர், மயிலாப்பூர் டைம்ஸ் விளம்பரங்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அயர்ன் வண்டிக்காரர். எந்த வீட்டில் யார் காலி செய்கிறார்கள், எந்த ஓனர் தங்கம், எந்த ஓனர் சள்ளை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

இணையத்தில் பார்த்த வீட்டுக்கு நேரில் போகாமல் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டேன், சாவி கூரியரில் வரும், டோக்கன் அட்வான்ஸ் மட்டும் யூபிஐயில் போடுங்கள் என்று ஆரம்பித்தால் அது மோசடி.

வீடு தேட நல்ல காலம் ஒன்று இருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் புது வீட்டில் பால் காய்ச்சமாட்டார்கள் என்பதால், அந்த மாதங்களில் காலியான வீடு அப்படியே கிடக்கும், ஓனருக்கும் கை பதறும். நம்பிக்கை இல்லாதவர்கள் ஆடியிலேயே குடியேறலாம். இருக்கிறவர்கள் ஆடியில் பேசி முடித்து, ஆவணி முதல் வாடகை என்று எழுதிக்கொள்ளலாம். பேரம் எடுபடுகிற சமயம் அதுதான். மார்கழியில் மட்டும் இங்கே ஒரு சிக்கல். கச்சேரி கேட்க வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு ஒரு மாதத்துக்கு வீடு விடுகிற ஓனர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் பேரம் எடுபடாது.

நான்காம் படி: போனில் வரும் கேள்விகள்

"நீங்க வெஜ்ஜா?" என்பது முதல் கேள்வியாகவே வரலாம். சைவம் மட்டும் என்று போர்டிலேயே எழுதுகிறவர்களும் உண்டு. உணவைக் கேட்பது போலக் கேட்டு வேறு எதையோ தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும், எனக்கு இந்தக் கேள்வி அறவே பிடிக்காது. ஆனாலும் பொய் சொல்லிக் குடியேறாதீர்கள். எட்டு வீட்டில் மீன் குழம்பு மறையாது, பயந்து பயந்து சமைக்கிற வீடு வீடே இல்லை. தனியாக இருக்கும் ஆண், பெண், கல்யாணம் ஆகாத ஜோடி என்றாலும் கதவுகள் சாத்தும். அப்படிப்பட்டவர்களுக்கு ஓனர் குடியிருக்காத கட்டடம்தான் கொஞ்சம் சுலபம்.

அது எப்படித் தெரியும்? இந்தப் புதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை கூட்டு முயற்சி. மனைக்காரர் நிலம் தருவார், பில்டர் கட்டிக் கொடுத்து பாதி வீட்டை விற்றுக்கொள்வார். மனைக்காரர் குடும்பத்தின் கையில் மூன்று நாலு வீடு இருக்கும், ஒன்றில் அவர்களே இருப்பார்கள். அந்த மாதிரி கட்டடத்தில் குழாய் கெட்டால் அன்றே ஆள் வரும், விருந்தாளி வந்தால் அதையும் யாராவது கவனிப்பார்கள். எல்லாமே முதலீட்டுக்கு வாங்கிய வீடுகள் என்றால் சுதந்திரம் உண்டு, ஆனால் மோட்டார் எரிந்துபோனால் யார் காசு போடுவது என்று வாட்ஸாப்பில் வாரக்கணக்கில் பேசிக்கொண்டிருப்பார்கள். எது உங்களுக்கு ஒத்துவரும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: தண்ணீர்

வீட்டைப் பார்க்கிற படி என்றுதான் இதற்குத் தலைப்பு வைத்திருக்க வேண்டும், ஆனால் பார்க்கிறதில் பாதி தண்ணீர்தான். 2019 ஜூனில் சென்னைக்குத் தண்ணீர் தருகிற ஏரிகள் வறண்டபோது கிரானைட் பதித்த வீட்டுக்காரர்களும் குடத்தோடு நின்றார்கள்.

சின்னக் கட்டடத்தில் தண்ணீர் மூன்று வழியில் வரும்: மெட்ரோ தண்ணி (குடிநீர் வாரியம் தருவது), போர் தண்ணி (ஆழ்துளைக் கிணறு), லாரி தண்ணி. மூன்றும் ஒரே சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) கலக்கிறதா, மெட்ரோவுக்குத் தனி சம்ப்பா, சமையலறைக் குழாயில் எது வருகிறது என்று கேளுங்கள். ஓனர் எல்லாம் நல்ல தண்ணி என்பார். நீங்கள் குளியலறைக்குப் போய் ஷவர் தலையை அண்ணாந்து பாருங்கள். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பொரி கட்டியிருந்தால், குழாய் அடியில் டைல்ஸ் மேல் மஞ்சளாகக் கோடு இறங்கியிருந்தால், அது போர் தண்ணியின் கையெழுத்து. ஒரு கை பிடித்து வாயில் விட்டுத் துப்புங்கள், உப்பு தெரியும். கடல் பக்கத்தில் இருக்கிற பேட்டை இது, தெருவுக்குத் தெரு தண்ணீர் மாறும். குடிக்கப் போவதில்லையே என்று அலட்சியமாக இருக்காதீர்கள், கீசரும் வாஷிங் மெஷினும் தலைமுடியும் அதைத்தான் குடிக்கும்.

அப்புறம் கீழே வந்து வாட்ச்மேனிடம் தனியாகப் பேசுங்கள்.

"அண்ணே, மே மாசம் லாரி எத்தனை வரும்?"

"வாரத்துக்கு ரெண்டு வரும் சார். போன வருஷம் மூணு."

"மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?"

"புயலுக்கு நின்னுச்சு. அந்தத் தூண்ல பாருங்க, கோடு தெரியும்."

இதைவிட நல்ல அறிக்கை எந்தப் புரோக்கரிடமும் கிடைக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது ஸ்டில்ட்டில் எவ்வளவு நின்றது, லிஃப்ட் குழிக்குள் தண்ணீர் இறங்கியதா, மின்சார மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இடுப்பளவுக்குக் கீழே மீட்டர் பெட்டி இருந்தால் அடுத்த புயலுக்கு மின்சாரம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சம்ப் மூடி தரையோடு தரையாக இருந்தால் தெருச் சாக்கடை உள்ளே போகும், கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருந்தால் நல்லது. மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்து தமிழ்நாட்டில் கட்டாயம், குழாய் இருக்கும். அது நிஜமாகவே கிணற்றுக்கோ தொட்டிக்கோ போகிறதா, வெளியே தெருவில் விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

ஆறாம் படி: மற்றவை

1,100 சதுர அடி என்று சொன்னால் படிக்கட்டு, லிஃப்ட், காரிடாரின் பங்கும் அதில் சேர்ந்திருக்கும். உள்ளே டேப் வைத்து அளந்தால் எண்ணூற்றுச் சொச்சம் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள். கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் மூன்றின் அளவையும் எழுதி எடுத்துப்போங்கள். லிஃப்ட் கதவு அகலத்தையும் அளங்கள், நாலு பேர் லிஃப்டில் பெரிய ஃபிரிட்ஜ் ஏறாது.

ஜன்னலைத் திறந்து பார்ப்பது முக்கியம். இந்த மனைகளில் பக்கத்துக் கட்டடம் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருக்கும். ஒரு ஜன்னலாவது கிழக்கையோ தெற்கையோ தடையில்லாமல் பார்த்தால் பிற்பகலில் கடல் காற்று உள்ளே வரும், ஏசி அந்த அளவுக்குக் குறையும். அடுத்த காலி மனையில், அல்லது பழைய வீட்டில், ஆணி அடித்துத் தகரம் கட்டியிருந்தால் விசாரியுங்கள். விரைவில் புதுக் கட்டடத்தின் அஸ்திவாரத்துக்கு பைல் அடிக்க ஆரம்பிப்பார்கள், இரண்டு வருஷத்துக்குத் தூசியும் சத்தமும்தான், காற்றும் போய்விடும்.

மின்சாரத்தில் கேட்க வேண்டியது: வீட்டுக்குத் தனி மீட்டரா, மூணு ஃபேஸா, பவர் பேக்கப்பில் எதெல்லாம் ஓடும். தனி மீட்டர் இல்லாமல் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனரே வசூலிக்கிற ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அந்தச் சலுகையும் உங்கள் கைக்கு வராது. மீட்டர் நம்பர் கிடைத்தால் பழைய பில் தொகைகளையும் காட்டச் சொல்லலாம்.

பார்க்கிங் பற்றி ஒரே வரி: உங்கள் இடம் எது என்று தரையில் நின்று காட்டச் சொல்லி, உங்கள் காரை அங்கே ஒரு முறை விட்டு எடுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: ஒப்பந்தம்

11 மாதத்துக்கு ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு டிராயரில் வைப்பதுதான் ஊர் வழக்கம். ஆனால் 2017-ல் தமிழ்நாடு ஒரு வாடகைச் சட்டம் கொண்டுவந்து 2019 பிப்ரவரி 22 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு என்றாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். ஓனர் சலித்துக்கொண்டாலும் செய்துவிடுங்கள், தகராறு வந்தால் பதிவான ஒப்பந்தம் கையில் இருப்பவர் பேச்சுதான் எடுபடும்.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது அந்தச் சட்டத்தின் பொது விதி. இரு தரப்பும் வேறு மாதிரி ஒத்துக்கொண்டால் ஒழிய என்று அதிலேயே ஒரு சந்து வைத்திருக்கிறார்கள், ஓனர்கள் அந்தச் சந்தில்தான் நுழைவார்கள். அதனால் கையெழுத்துக்கு முன்பே பேசுங்கள், பின்பு சட்டம் பேசிப் பயன் இல்லை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது, அதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

காலி செய்யும்போது பெயிண்டிங் என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையின் தீராத வியாதி. வேறு விதமாக ஒப்பந்தம் செய்யாதவரை சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவது, பெரிய குழாய் வேலை, வயரிங் எல்லாம் ஓனர் பொறுப்பு என்றுதான் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர் ரிப்பேர், சாக்கடை அடைப்பு இவை குடியிருப்பவர் பொறுப்பு. பெயிண்டிங் பிடித்தம் என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தால் அடிக்கச் சொல்லுங்கள், முடியாது என்றால் தொகைக்கு ஒரு உச்சவரம்பாவது போடுங்கள். அதோடு வருஷாந்திர ஏற்றம் எத்தனை சதவீதம், காலி செய்ய இரு தரப்புக்கும் எத்தனை மாத நோட்டீஸ், பெரிய ரிப்பேருக்கு அசோசியேஷன் கேட்கும் தொகை யார் கட்டுவது என்ற மூன்றும் எழுத்தில் வரட்டும். கடைசி விஷயத்தை யாருமே எழுதுவதில்லை, எட்டு வீட்டில் லிஃப்ட் மோட்டார் போனால் ஒவ்வொரு வீட்டுக்கும் பெரிய தொகை விழும்.

பணம் கொடுப்பதற்கு முன்பு, எதிரில் இருப்பவர்தான் ஓனரா என்று பாருங்கள். சொத்து வரி ரசீது, மின் கட்டண அட்டை இரண்டிலும் பெயர் பொருந்த வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகவே பார்க்கலாம். வெளிநாட்டு ஓனருக்குப் பதில் அத்தையோ மாமாவோ கையெழுத்துப் போட்டால் பவர் பத்திரத்தின் நகல் வாங்குங்கள், அட்வான்ஸ் மட்டும் ஓனர் அக்கவுண்டுக்கே போகட்டும்.

எட்டாம் படி: குடியேறும் நாள்

சாமான் இறங்குவதற்கு முன்பு காலி வீட்டை ஒரு வீடியோ எடுத்து, சுவரில் இருக்கிற ஆணி ஓட்டை வரை காட்டி, ஓனருக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் ரீடிங்கையும் படம் எடுங்கள், பழைய குடித்தனக்காரரின் பாக்கி உங்கள் முதல் பில்லில் ஏறிவிடும். எல்லாப் பூட்டுக்கும் எத்தனை சாவி என்று எண்ணி வாங்குங்கள், மெயின் கதவுப் பூட்டின் சிலிண்டரை மாற்ற ஓனரிடம் அனுமதி கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

லாரி விஷயத்தை முன்கூட்டியே யோசியுங்கள். மாட வீதிப் பக்கம் என்றால் விடிகாலையில் இறக்கிவிடுவது உத்தமம், ஒன்பது மணிக்கு மேல் போனால் காய்கறி வண்டிக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் உங்கள் பீரோ மாட்டிக்கொள்ளும். அயர்ன் வண்டிக்காரரிடம் சொல்லி வைத்தால் கட்டட வாசலில் இடம் பிடித்து வைப்பார். பால் காய்ச்சுகிறவர்கள் அதை முந்தின நாளே நல்ல நேரம் பார்த்து ஒரு சின்ன அடுப்போடு போய் முடித்துவிடுங்கள், கேஸ் இணைப்பு மாற்றிக் கிடைக்கச் சில நாள் ஆகலாம். அதுவரை சாப்பாட்டுக்குக் கவலை இல்லை, கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது.